மறுமொழி: ‘ஃப்யூயல் ஸ்டார்வேஷன்’ - தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். எஞ்சினுக்கு வேண்டிய அளவு எரிபொருள் போய்ச் சேராத நிலையை ஆங்கிலத்தில் ‘ஃப்யூயல் ஸ்டார்வேஷன்’ என்கிறார்கள், அதற்கும் வேறு இரண்டு சொற்களுக்கும் தமிழ் கேட்டிருந்தீர்கள்.

> எரிபொருள் பட்டினி என்று போட்டால் போதாதா? கேட்டதும் புரிகிறதே.

புரிகிறதுதான். ஆனால் பட்டினி என்றால் ஒன்றுமே கிடைக்காத நிலை. நீங்கள் மொழிபெயர்க்கும் கட்டுரையில் வருவது பழைய மெர்சிடிஸ் 300டி, ஐந்து சிலிண்டர் ஓஎம்617 எஞ்சின். அமெரிக்காவில் உணவகங்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி வடிகட்டி ஓட்டுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த வண்டி. அது நின்றுபோவதில்லை. ஐடிலிங்கில் சீராக இருக்கும், சமதரையில் ஓடும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால்தான் இழுக்காது. கொஞ்சமாகக் கேட்டால் கிடைக்கிறது, கூடக் கேட்டால் வரவில்லை. இதற்குப் பட்டினி பொருந்துமா?

> பேசாமல் திறனிழப்பு என்றே எழுதிவிடலாம்.

அது விளைவின் பெயர். நமக்கு வேண்டியது காரணத்தின் பெயர். இழுவை குறைய ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு, அவற்றைப் பிரித்துக் காட்டினால்தான் படிக்கிறவருக்குப் பயன்.

40 டிகிரியில் டீசலின் பாகுத்தன்மை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை, 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு). தாவர எண்ணெய்க்கு 30க்கு மேல். ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டியானதை அதே குழாய், அதே ஃபில்டர் வழியாக இழுக்க வேண்டும். போதாக்குறைக்குப் பொரித்த எண்ணெயில் பாமாயிலோ கொழுப்போ கலந்திருந்தால், மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி குளிரில் உறைந்து ஃபில்டரை மூடிவிடும். டாங்குக்குள் இருக்கும் சல்லடையில் பிசின் படியும். பழைய ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டிருந்தால் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். டாங்கின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். எல்லாமே எஞ்சினுக்கு எண்ணெய் செலுத்தும் பம்புக்கு முன்னால் நடப்பவை. அறிகுறியும் ஒன்றுதான்: கரும்புகை இல்லாமல் இழுவை மட்டும் குறையும். டீசலுக்கு மாற்றியதும் சரியானால் முதல் சந்தேகம் இந்தப் பக்கம்தான்.

டீசலிலும் இழுக்கவில்லை என்றால் வேறு இடங்களிலும் தேட வேண்டும். சிலிண்டருக்குள் எண்ணெயைத் தெளிக்கும் நாசிலில் கரி பிடித்திருக்கலாம், வால்வு இடைவெளி மாறியிருக்கலாம். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) உள்ள வண்டியானால் காற்றழுத்தத்தைப் பம்பின் ஆல்டா கருவிக்குக் கொண்டுபோகும் சின்னக் குழாய் புகைக்கரியால் அடைந்திருக்கலாம். அது அடைந்தால் டர்போ சுற்றினாலும் அழுத்தத்துக்கு ஏற்றபடி பம்பு எண்ணெயைக் கூட்டாது. இதையும் முன்னதையும் ஒரே சொல்லில் அடக்கினால், வாசகர் ஃபில்டரை மாற்றி மாற்றி ஓய்ந்துபோவார்.

ஆகவே என் பரிந்துரை வரத்துக்குறை. அணைக்கு நீர்வரத்து என்று நாளிதழில் தினமும் படிக்கிறோம். ஏரிக்கு வரத்துக் கால்வாய் இருக்கிறது. வந்து சேரும் அளவைச் சொல்லும் சொல் இது, கூடலாம், குறையலாம். பட்டினி எவ்வளவு என்று கேட்க முடியாது, வரத்து எவ்வளவு என்று கேட்கலாம். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே வெற்றிட மானி (பம்பு எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) வைத்துப் பார்ப்பவர் சோதிப்பதும் இந்த வரத்தில் தடை இருக்கிறதா என்பதைத்தான்.

ஒரு சிக்கல் உண்டு. “எரிபொருள் வரத்துக்குறை” என்று தனியாக எழுதினால், கோயம்பேட்டுக்குத் தக்காளி வரத்து குறைந்ததுபோல, பங்க்குக்கு டேங்கர் லாரி வரவில்லை என்று படிப்பார்கள். ‘பற்றாக்குறை’, ‘தட்டுப்பாடு’ இரண்டையும் நான் தள்ளியது இதே காரணத்தால். அதனால் முதல் தடவை “பம்புக்கு எண்ணெய் வரத்துக்குறை” என்று எழுதுங்கள், அப்புறம் வெறும் வரத்துக்குறை போதும்.

> ஊட்டக்குறை?

குழந்தைகள் நலத் திட்டம் நினைவுக்கு வருகிறது. வேண்டாமே.

நீங்கள் கேட்ட மற்ற இரண்டு: ‘கோக்கிங்’ என்பதற்குக் கரிபிடிப்பு. பட்டறையில் ஏற்கெனவே “நாசில்ல கரி பிடிச்சிருக்கு” என்றுதான் சொல்கிறார்கள், புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை. குழாய் காற்றை இழுப்பதற்குக் காற்றுப்புகல். ‘ஏர் லாக்’, அதாவது புகுந்த காற்று அடைத்து எண்ணெய் ஓடாமல் நிற்பது, அதன் விளைவு, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆல்டாவை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். உதிரிபாகக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.