ஈர மணலில் டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது, மோதிரத்தை எப்படித் தேடுவது?

கேள்வி:
வணக்கம். என் மனைவியின் கல்யாண மோதிரம் கடற்கரையில் தொலைந்துவிட்டது. 22 காரட், கல் பதிக்காதது. அலை வந்து போகும் இடத்தில் நின்றபோது கழன்றிருக்க வேண்டும். தெரிந்தவரிடம் மெட்டல் டிடெக்டர் இரவல் வாங்கியிருக்கிறேன். ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் சாதாரண வகை. காய்ந்த மணலில் அமைதியாக இருக்கிறது, ஈர மணலுக்குப் போனதும் எங்கே வைத்தாலும் கத்துகிறது. குப்பை வேண்டாமே என்று அலுமினியத் தாளை ஒதுக்கும்படி வைத்திருக்கிறேன். கருவி பழுதா?

பதில் 1:
பழுதெல்லாம் இல்லை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் நனைந்த மணலையே உலோகம் என்று எடுத்துக்கொள்கிறது. சத்தம் அடங்கும் வரை கருவியின் உணர்திறனை, அதாவது சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். ஆழம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கிரவுண்ட் பேலன்ஸ் (தரையிலிருந்து வரும் சிக்னலைக் கருவி கண்டுகொள்ளாதபடி சரிசெய்வது) வசதி இருந்தால் ஈர மணலின் மேலேயே செய்யுங்கள். கீழே உள்ள வட்டத் தட்டு மணலை ஒட்டினாற்போல் ஒரே உயரத்தில் போகட்டும். வீச்சின் முடிவில் கை தானாக மேலே போகும், அப்போதும் கத்தும்.

அலுமினியத் தாளை ஒதுக்குவதை உடனே நிறுத்துங்கள். தங்க மோதிரம் திரையில் காட்டும் எண், அலுமினியத் தாளுக்கும் பானக் கேன் வளையத்துக்கும் காட்டும் எண்களோடு கலந்துதான் வரும். அதை ஒதுக்கினால் மோதிரமும் சேர்ந்து போய்விடும். அந்தக் குப்பையைத் தோண்டித்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை.

கேட்டவர்:
குறைத்ததும் பெரும்பாலும் அடங்கிவிட்டது, மிக்க நன்றி. தண்ணீர் ஓரத்தில் மட்டும் இன்னும் விட்டுவிட்டுக் கத்துகிறது. அங்கே கைபேசிச் செயலி உதவுமா?

பதில் 2:
செயலி வேண்டாம். கைபேசி காந்தப்புலத்தைத்தான் அளக்கும். இரும்பைக் காட்டும், தங்கத்தைக் காட்டாது. தண்ணீர் ஓரத்துக்கு ஏற்றது பல அதிர்வெண் கருவி அல்லது, மின்துடிப்புகளை விட்டுவிட்டு அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகை. அது கிடைக்காவிட்டால் கடல் உள்வாங்கும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாக விலகும்.

தள்ளிப் போடாதீர்கள். 22 காரட் தங்கம் மணல் துகளைவிட ஆறு மடங்குக்கு மேல் அடர்த்தியானது, அலை அரிக்க அரிக்க உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

அப்புறம், அன்று எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள். பின்னால் தெரியும் கட்டடம், பாறையை வைத்து நின்ற இடத்தைக் குறுக்கலாம். அங்கே கயிறு கட்டி வரிசை வரிசையாக, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி விழும்படி தேடுங்கள்.

பதில் 1:
ஒன்று விட்டுப்போனது. உங்களிடம் அதே மாதிரி மோதிரம் இருந்தால் நூலில் கட்டி, நூல் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் வைத்து வீசிப் பாருங்கள். எந்த எண், எந்த ஒலி என்று காது பழகிவிடும். மெல்லிய சங்கிலி என்றால் கண்ணிகள் தனித்தனியாக இருப்பதால் பிடிப்பது கடினம். மூடிய வளையமான மோதிரம் நன்றாகவே சிக்னல் தரும், நம்பிக்கையோடு போங்கள். அந்தக் கடற்கரையில் டிடெக்டருக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள், தோண்டிய குழியையும் மூடிவிடுங்கள்.

கேட்டவர்:
என் மோதிரத்தை வைத்துப் பார்த்தேன், கேன் வளையத்தின் எண்ணுக்குப் பக்கத்திலேயே காட்டுகிறது! அனுமதியும் உண்டு என்றார்கள். நாளை அதிகாலை கடல் உள்வாங்குகிறது, கயிற்றோடு கிளம்புகிறோம்.