வெள்ளி, சனி, ஞாயிறு மாத்திரை

(தக்கலை வீடு – குடும்பக் குழு. சிறுவன் அபினுக்கு ரத்தப் புற்றுநோய், கீமோ நடக்கிறது.)

ராஜன் மாமா: ஷைனி, அம்மாவின் 80 வயது ஜெபத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேராவது வருவார்கள். கூட்டத்தில் எதுவும் தொற்றாமல் இருக்க அபினுக்கு எதற்கும் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடுவோம். மெடிக்கலில் தெரிந்த பையன்தான், சீட்டு கேட்க மாட்டான்.

ஷைனி: வேண்டாம் மாமா.

ராஜன் மாமா: ஏற்கெனவே ஒன்று கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறாய்?

ஷைனி: அது செப்ட்ரான். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும். நியூமோசிஸ்டிஸ் என்று ஒரு கிருமி, நம்மைப் போன்றவர்களை ஒன்றும் செய்யாது. கீமோ எடுக்கிற பிள்ளைகளுக்கு நெஞ்சில் கட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் அந்த மாத்திரை. கூட்டத்தில் ஒட்டுகிற சளி, காய்ச்சலை அது தடுக்காது.

பெல்லா சித்தி (குவைத்): அண்ணே, அவள் சொல்வது சரி. 1977இல் வந்த ஆய்வு ஒன்று. மாத்திரை எடுக்காத 80 பிள்ளைகளில் 17 பேருக்கு அந்த நிமோனியா வந்தது, எடுத்த 80 பேரில் ஒருவருக்கும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் போதும் என்பது பத்து வருடம் கழித்துத் தெரிந்தது.

ராஜன் மாமா: அவ்வளவு நல்லது என்றால் மற்ற கிருமிகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதுதானே? வார்டில் பக்கத்துப் படுக்கைப் பையனுக்குக் காய்ச்சல் இல்லாமலே லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்களே?

பெல்லா சித்தி: அவனுக்கு ஏ.எம்.எல்., அது வேறு வகை ரத்தப் புற்றுநோய். கிருமியோடு போராடும் வெள்ளையணுக்களின் கவுண்ட் வாரக்கணக்கில் தரையில் கிடக்கும். 2018 ஆய்வில் அவனைப் போன்ற பிள்ளைகளும், ஏ.எல்.எல். என்ற வகை ஒருமுறை அடங்கித் திரும்பி வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். ரத்தத்தில் கிருமி ஏறியது மருந்து எடுக்காதவர்களில் 43%, எடுத்தவர்களில் 22%. நம் அபினுக்கு ஏ.எல்.எல்., அதுவும் மெயின்டனன்ஸ் என்கிற லேசான கீமோ நடக்கிற கடைசிக் கட்டம். அந்தக் கணக்கு இவனுக்குப் பொருந்தாது. சும்மா கொடுத்தால் மருந்துக்கு மசியாத கிருமிதான் குடலில் மிஞ்சும். அப்புறம் நிஜமாகவே தேவைப்படும்போது மருந்து கேட்காது.

ஜெபின்: அம்மச்சி கேட்கச் சொல்கிறார்கள், அபினுக்கு மட்டி வாழைப்பழம் கொடுக்கலாமா?

ஷைனி: கொடுக்கலாம். கழுவிவிட்டு உரித்துக் கொடுக்கச் சொல். வெட்டி வைத்த பழம் வேண்டாம். சளி உள்ளவர்கள் அவனைத் தூக்க வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஷைனி: இன்னொன்று. போன மாதம் இரவு காய்ச்சல் வந்தபோது, பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்று ஆளுக்கு ஆள் சொன்னீர்கள். அப்படிச் செய்தால் காய்ச்சல் மறைந்துபோகும், கிருமி இருக்கும். 100.4 காட்டினால் டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏற வேண்டும். போகிற வழியில் களியக்காவிளையில் வண்டி மாட்டினாலே அரை மணி நேரம் போய்விடும்.

ராஜன் மாமா: சரி, மெடிக்கலுக்குப் போகவில்லை. ஞாயிறு முழுக்க என் கார் டேங்க் நிறைத்து முற்றத்தில் நிற்கும். குறுக்கே யாரும் பைக் நிறுத்தக் கூடாது.

ஜெபின்: போன தடவை குறுக்கே நின்றது உங்கள் புல்லட்தான் மாமா.