பாரலல் ஸ்ட்ரக்சர்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆங்கில இலக்கணக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாரலல் ஸ்ட்ரக்சர் பாடத்துக்கு மட்டும் தலைப்பு அமையவில்லை. 'ஷீ லைக்ஸ் ரீடிங், ஸிங்கிங் அண்ட் டு டான்ஸ்' என்பது பிழை. முதலிரண்டும் 'இங்' என்று முடிய, மூன்றாவது 'டு' போட்டுக்கொண்டு வருகிறது. 'டான்ஸிங்' என்றால் சரி. வரிசையாக அடுக்கும் உறுப்புகள் ஒரே வடிவில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். 'இணையமைப்பு' என்று வைத்திருக்கிறேன். பொருந்துமா?

—

> 'இணையமைப்பு' என்று வைத்திருக்கிறேன்

படிக்கிறவர் இணையத்தின் அமைப்பு என்றே நினைப்பார். சர்வரும் கேபிளும் கண்முன் வரும். தவிர 'அண்ட்', 'ஆர்' போன்றவற்றை இணைப்புச்சொல் என்கிறோம். அதே பாடத்தில் இணையும் வந்தால் மாணவர் குழம்புவார். நம்மிடமே நிரல்நிறை இருக்கிறதே! 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது' குறளில் அன்பு பண்போடும் அறன் பயனோடும் வரிசை மாறாமல் பொருந்துகின்றன.

—

ஐயா, நிரல்நிறை பொருள்கோள், அதாவது செய்யுளில் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறை. எந்தச் சொல் எதோடு போய்ச் சேர்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. இந்த ஆங்கில விதிக்கு அந்தக் கவலை இல்லை. வடிவம் ஒத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஆங்கிலத்தில் 'ரெஸ்பெக்டிவ்லி' (முறையே) போடும் இடமே நிரல்நிறைக்கு நேர். அதை இங்கே கொடுத்துவிட்டால் அதற்கு எங்கே போவது? இலங்கைப் பாடநூல்களில் இணைகோட்டைச் சமாந்தரக் கோடு என்பார்கள். சமாந்தர அமைப்பு என்றால் மயக்கம் வராது.

—

சமம், அந்தரம் இரண்டுமே வடசொல். நிகரமைப்பு இருக்க அது எதற்கு? 'இணை'யும் வேண்டாம். இணை, பிணை, பிணையல், பிணக்கு எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு, கட்டுதலே மூலப்பொருள். ஒருநாளும் சேராத இரண்டு கோடுகளைப் போய் இணைகோடு என்றது யார்? பிணைக்குப் பெண்மான் என்றும் பொருள் உண்டு. ஆண்மான் கலை. ஆக, கலைச்சொல் என்பதற்குள்ளேயே ஒரு மான் ஓடுகிறது!

—

மான் வேட்டையில் வெள்ளிக்கிழமை தவறிவிடப் போகிறது. நிகர என்றதும் வகுப்பில் நிகர லாபம்தான் ஞாபகம் வரும். நான் எண்ணும்மையை, அதாவது அடுக்கிச் சொல்லும்போது வரும் 'உம்'மை வைத்தே சொல்லிக்கொடுக்கிறேன். 'அவளுக்குப் படிப்பதும் பாடுவதும் ஆடவும் பிடிக்கும்' என்று பலகையில் எழுதினால் கடைசி பெஞ்சுகூட முகம் சுளிக்கும். அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போவது சுலபம். அப்புறம் 'நாட் ஒன்லி', 'பட் ஆல்ஸோ' ஜோடி: முன்னதை அடுத்துப் பெயர்ச்சொல் வந்தால் பின்னதை அடுத்தும் பெயர்ச்சொல்லே வரவேண்டும். பையன்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தலைப்பு எதுவானாலும் நடத்திவிடலாம் அம்மா. 'இணை அமைப்பு' என்று பிரித்துப் போட்டுவிடுங்கள், இணையம் குறுக்கே வராது.

—

இலக்கண நூலின் தலைப்பிலேயே உடம்படுமெய்யை, இரண்டு சொல்லையும் சேர்க்க நடுவில் வரும் 'ய்'யை, விழுங்குவதா? ஒருசீரமைப்பு என்று வையுங்கள். வடிவம் ஒன்று என்பது சொல்லிலேயே தெரிகிறது.

—

சீர் என்றால் யாப்பு. வெண்பாவா சொல்லித்தருகிறோம்?

—

அனைவருக்கும் நன்றி. 'இணை அமைப்பு' என்றே அனுப்புகிறேன், பிரித்துத்தான். பெரும்பான்மை என்பதைவிட, மற்றவர்கள் களைத்துவிட்டீர்கள் என்பது பொருந்தும். அடுத்தது டேங்க்ளிங் மாடிஃபையர், எந்தச் சொல்லுக்கு உரியது என்று தெரியாமல் தொங்கும் அடை. தனி மடல் போடுகிறேன்.

—

பிரித்து எழுதுவதை நான் ஏற்கவில்லை. பதிந்து வைக்கவும்.