உலு பாண்டான் கால்வாய்க் கரையில் மலைப்பாம்பும் உடும்பும்

வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. அன்று காலையிலிருந்து வெயில் தலைகாட்டவே இல்லை. சிங்கப்பூரின் கிளமெண்டியில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் யாருக்கும் வெளிவேலை இல்லை. ஒலி 96.8 வானொலியில் பழைய பாடல்கள் ஒலித்துக்கொண்டிருந்தன. மனைவி ஈரத் துணிகளைக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் காயப்போட்டார். மதியம் ரசமும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு நான் நெடுநேரம் உறங்கினேன். அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இருந்திருக்காது. மாலை ஆறு மணியளவில் மழை விட்டதும், கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் கால்வாய்ப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம் என்று அழைத்தாள்.

உலு பாண்டான் கால்வாயை ஒட்டிச் செல்லும் பூங்கா இணைப்புப் பாதையை அறிந்தவர்களுக்கு அங்கே நீர் உடும்புகள் புதியவை அல்ல. வெயில் நாட்களில் அவை கரைப் புல்லில் படுத்து உடலைச் சூடேற்றிக்கொண்டு, பிறகு நீரில் இறங்கி மீனும் நண்டும் தேடும். செத்த மீனையும் விடுவதில்லை. நீர்நாய்க் குடும்பங்களும் அவ்வப்போது அவ்வழியே நீந்திச் செல்வதுண்டு. அன்று மாலை பாதையோரத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்ததைக் கண்டதும் நீர்நாய்கள்தாம் வந்திருக்கின்றன என்று எண்ணியே நாங்கள் நெருங்கினோம்.

கரைச் சரிவில், வடிகால் குழாய் ஒன்று கால்வாயில் திறக்கும் இடத்துக்கு அருகே, ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமுள்ள வலைக்கோல மலைப்பாம்பு ஒன்று, வாலோடு சேர்த்து அதில் பாதியளவு இருக்கக்கூடிய நீர் உடும்பைச் சுற்றி வளைத்திருந்தது. பாம்பின் வாய் உடும்பின் கழுத்துக்குச் சற்றுக் கீழே பதிந்திருக்க, முன்னுடலை இரண்டு சுற்றுகள் இறுக்கியிருந்தன. உடும்பின் வால் மட்டும் சுற்றுக்கு வெளியே இருந்தது. அது சிறிது நேரம் அசைவற்றுக் கிடப்பதும், திடீரென்று புல்லை ஓங்கி அறைவதுமாக இருந்தது. நாம் உடும்புப்பிடி என்று சொல்கிறோமே, அந்தப் பிடியோடு அதன் முன்னங்கால் நகங்கள் வடிகாலின் கான்கிரீட் விளிம்பைப் பற்றியிருந்தன. அது ஒவ்வொரு முறை மூச்சை வெளிவிடும்போதும் சுற்றுகள் இன்னும் கொஞ்சம் நெருங்குவதை எங்களால் கண்ணால் பார்க்க முடிந்தது.

மலைப்பாம்புக்கு நஞ்சு கிடையாது. அது இரையை மூச்சுத் திணறவைத்தே கொல்கிறது என்றுதான் நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். ஆனால் மலைப்பாம்பைப் போலவே இரையை இறுக்கிக் கொல்லும் போவா பாம்புகள் எலிகளை இறுக்கும்போது என்ன நிகழ்கிறது என்று அளந்து 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, இறுக்கம் தொடங்கிய சில நொடிகளிலேயே எலியின் இரத்த ஓட்டம் தடைபட்டு, இதயத்துக்கும் மூளைக்கும் இரத்தம் போய்ச் சேராமல் போவதைக் காட்டியது. எலிக்கு முடிவு விரைவாக வருகிறது. உடும்போ ஊர்வன இனம். ஆக்சிஜன் குறைந்தாலும் அதன் உடல் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். ஆகவேதான் எங்கள் கண்முன் நடந்த போராட்டம் அவ்வளவு நீண்டது. பார்ப்பவர்களின் மனம் பதறியதும் அந்த நீளத்தால்தான்.

சிறுவன் ஒருவனைக் கையில் பிடித்திருந்த இளைஞர் என்னிடம், "அண்ணே, ஒரு கம்பு கிடைச்சா பாம்போட தலையைத் தள்ளிவிட்டுடலாம். பாவம், அது இன்னும் உயிரோடதானே இருக்கு?" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அந்த இரக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எனக்கும் அந்த உடும்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆயினும் "வேண்டாம் தம்பி, ரெண்டையும் விட்டுடுங்க" என்றுதான் சொன்னேன். அவ்வளவு நேரம் இறுக்கப்பட்ட விலங்கைப் பிரித்துவிட்டாலும், உள்ளுறுப்புகள் சிதைந்து அது புதருக்குள் கிடந்து சாகவே வாய்ப்பு அதிகம். பாம்போ அத்தனை வலிமையையும் செலவழித்துவிட்டு வெறும் வயிற்றோடு போகும். கம்பை நீட்டுபவரின் கைக்கும் ஆபத்து உண்டு, ஏனெனில் மலைப்பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை, உடும்பும் கடிக்கக்கூடியது. 2020-இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வனவிலங்கைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம் என்பது வேறு. பக்கத்தில் நின்ற சீன முதியவர் ஒருவர், இந்தப் பாம்புகள் வடிகால்களில் எலி தின்று வாழ்பவை, நம் அடுக்குமாடி புளோக்குகளுக்கு அடியில் எலிகள் பெருகாமல் இருப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். மிகச் சரியான பேச்சு அது.

என் மகள் தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 என்ற எண்ணை அழைத்து இடத்தைத் தெரிவித்தாள். விலகி நிற்கும்படியும் விளக்கு அடிக்க வேண்டாம் என்றும் மறுமுனையில் அறிவுறுத்தினார்கள். நாங்கள் எல்லோரும் பாதையின் மறு ஓரத்துக்கு நகர்ந்தோம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இரையை விழுங்கிக்கொண்டிருக்கும் பாம்பைக் கூட்டம் நெருக்கினால், தப்பியோடுவதற்காக அது விழுங்கியதைக் கக்கிவிடும். அப்போது உடும்பின் சாவும் வீண், பாம்பின் உழைப்பும் வீண்.

அங்கே நின்றபோதுதான் ஓர் எண்ணம் தோன்றியது. எங்களை வீட்டுக்குள் இருத்திய அதே மழை உடும்பையும் நாள் முழுவதும் வெயில் காயவிடாமல் செய்திருக்கிறது. உடல் சூடேறாத உடும்புக்கு ஓட்டமும் குறைவு, எதிர்ப்பும் குறைவு. பெரிய உடும்புகள் பாம்புகளையே தின்னக்கூடியவை. நல்ல வெயில் நாளாக இருந்திருந்தால் இது அவ்வளவு எளிதில் மாட்டியிருக்காது. உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும் என் ஊகம் இதுதான்.

நகங்கள் கான்கிரீட் விளிம்பை விட்டபோது யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பாம்பு நெடுநேரம் சுற்றைத் தளர்த்தவில்லை. இரையின் இதயத் துடிப்பைப் போவா பாம்புகள் தம் உடலால் உணர்ந்து, அது நின்ற பிறகே பிடியை விடுகின்றன என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மலைப்பாம்பும் அப்படித்தான் காத்திருந்ததோ என்னவோ. பிறகு அது சுற்றுகளைப் பிரித்து, நாக்கை நீட்டி நீட்டி உடும்பின் உடலெங்கும் தேடி, தலையைக் கண்டடைந்து அங்கிருந்து விழுங்கத் தொடங்கியது. பாம்பு தாடையைக் கழற்றிக்கொள்கிறது என்று பலர் சொல்வது உண்மையன்று. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்புறத்தில் எலும்பால் ஒட்டியிருப்பதில்லை, விரிந்து கொடுக்கும் தசைநாரால் இணைந்திருக்கின்றன. அதனால் காலுறை மாட்டுவது போல, ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமுமாக அது தன் வாயை இரையின் மீது இழுத்து நகர்த்தியது. தலை முதலில் போவதால் உடும்பின் கால்கள் பின்னோக்கி மடிந்து, தடையின்றி உள்ளே சென்றன.

முற்றிலும் இருட்டிவிட்ட பிறகு, உடும்பின் நீண்ட வால் இன்னும் வாயிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கவே, பாம்பு மெல்ல வடிகால் குழாயை நோக்கி நகரத் தொடங்கியது. அப்போது சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கப் போனார்கள். கம்பு கேட்ட அதே இளைஞர் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு குறுக்கே போய் நின்று, அது சாப்பிட்டு முடிக்கட்டும், பின்னால் வாருங்கள் என்று அவர்களிடம் சொன்னார்.