பழைய கோல்ஃப் ஜிடிஐ மார்க் 7 வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஹேட்ச்பிரியன்:

2015 மாடல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ (மார்க் 7, அதாவது ஏழாம் தலைமுறை) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 2.0 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின், 6 ஸ்பீடு டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), மீட்டரில் 94,000 கி.மீ. விற்பவர் மூன்றாவது ஓனர். பெர்ஃபார்மன்ஸ் பேக் உள்ள கார் என்கிறார். முந்தைய ஓனர் ஸ்டேஜ் 1 ரீமேப் (சக்தியைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது) போட்டிருந்தாராம், இவர் வாங்கியதும் எடுத்துவிட்டாராம், இப்போது முழுக்க ஸ்டாக் (கம்பெனியிலிருந்து வந்தபடி) என்கிறார். சர்வீஸ் பில் 60,000 கி.மீ. வரை வரிசையாக இருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

பெயின்ட், பேப்பர், விபத்து அடையாளம் பார்ப்பது ஓரளவு தெரியும். இந்த மாதிரி காரில் தனியாக எதைப் பார்க்க வேண்டும்? கையில் ஒரு புளூடூத் ஓபிடி ரீடர் (காரின் பிழைக்குறிகளைப் படிக்கும் கருவி) இருக்கிறது. லிஃப்டில் ஏற்றிப் பார்க்கவும் சம்மதித்துவிட்டார். எதைக் கண்டால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், எதைக் கண்டால் கிளம்பிவிட வேண்டும்?

எண்ணெய்க்கை:

இன்ஜின் குளிர்ந்த நிலையில் பார்ப்பதுதான் பாதி வேலை. நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து வால்வு கவரில் கை வையுங்கள். சூடாக இருந்தால் பேச்சை வளர்க்காமல் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். சூடான இன்ஜின் பல நோய்களை மறைக்கும்.

சாவி போடும் முன்னே மூன்று விஷயம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் எங்கே நிற்கிறது? குறிக்குக் கீழே இருந்தால், இன்ஜின் ஆயில் குடிக்கிறது அல்லது ஓனர் கவலைப்படாதவர். இரண்டுமே நல்லதில்லை. (1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை குடிப்பது இயல்பு என்றே கம்பெனி கையேடு சொல்லும். அந்த அளவுக்குக் குடிக்கும் காரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.) அடுத்து கூலன்ட் டேங்க். குளிர்ந்த நிலையில் மட்டம் மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும், நிறம் இளஞ்சிவப்பு அல்லது ஊதா. வெறும் தண்ணீர் மாதிரி இருந்தால் கசிவை ஊற்றி ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். மூன்றாவது, ஒரு டார்ச்சை எடுத்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) கீழே, கியர்பாக்ஸ் பக்கமாக அடித்துப் பாருங்கள். இந்த ஈஏ888 மூன்றாம் தலைமுறை இன்ஜினில் வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் ஹவுசிங்கில் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பிளாஸ்டிக் வளைந்து சீல் விட்டுவிடும். கசியும் கூலன்ட் கியர்பாக்ஸ் மேல் வழிந்து காய்ந்து, வெளிறிய சிவப்புப் படிவமாக நிற்கும். இந்த இன்ஜினின் மிகப் பிரபலமான வியாதி இதுதான். கசிந்தால் காரை விட்டுவிட வேண்டியதில்லை. முழு யூனிட்டும் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாற்றிய பில் இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது ஸ்டார்ட் பண்ணுங்கள். முதல் சில நொடி ஐடில் 1,000 ஆர்பிஎம்முக்கு மேல் நிற்பதும், இன்ஜெக்டர்கள் டிக் டிக் என்று தட்டுவதும் இயல்பு. டைமிங் செயின் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நொடிக்குக் கரகரவென்று இரும்புச் சத்தம் வருவது இயல்பு இல்லை. மார்க் 6 காலத்து இன்ஜின்களில் செயின் டென்ஷனர் நழுவி, செயின் பல் தாண்டி, வால்வு பிஸ்டனில் இடித்து இன்ஜினே போன கதை உண்டு. மார்க் 7இல் அந்த டென்ஷனர் இல்லை, பயம் குறைவு. ஆனாலும் ஸ்டார்ட் ஆகும்போது சத்தம் கேட்டால் கிளம்பிவிடுங்கள்.

புகை: நீலம் என்றால் ஆயில், இனிப்பு வாசனையோடு விடாமல் வரும் வெள்ளை என்றால் கூலன்ட். குளிர்ந்த காலையில் ஒரு நிமிடம் வரும் வெள்ளாவி ஒன்றுமில்லை.

ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். லேசாக உறிஞ்ச வேண்டும், இன்ஜின் கொஞ்சம் தடுமாற வேண்டும். மூடி பலமாக உள்ளே இழுக்கப்பட்டு, கழன்று வராமல், விசில் சத்தமும் வந்தால் பிசிவி வால்வின் (இன்ஜின் உள்வாயுவை வெளியேற்றும் வால்வு) டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதை மாற்றுவது சின்ன வேலைதான். கவனிக்காமல் ஓட்டினால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல் போகும், அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

ரெவ்லிமிட்:

ரீமேப் எடுத்துவிட்டேன் என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், சோதிக்க வழி இருக்கிறது.

கையில் உள்ள ரீடரே போதும். மூன்றாம் கியரை மேனுவல் மோடில் பிடித்து, சுமார் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து, மேனிஃபோல்ட் அழுத்தத்தை (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) பதிவு பண்ணுங்கள். ஓட்டுபவர் வேறு, ரீடர் பார்ப்பவர் வேறாக இருக்கட்டும். ஸ்டாக் காரில் உச்சம் 210 முதல் 230 கிலோபாஸ்கல் சுற்றி வந்து மெதுவாக இறங்கும். சாதாரண ரீடரில் இந்த அளவு 255க்கு மேல் காட்டாது. முள் 255இல் போய் ஒட்டிக்கொண்டு நின்றால் மேப் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மாறாக 180ஐத் தாண்டவே இல்லை என்றால் பூஸ்ட் லீக் (டர்போ காற்றுக் கசிவு), டைவர்ட்டர் வால்வு, வேஸ்ட்கேட் (இரண்டும் டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்துபவை) மூன்றில் ஒன்று.

ஃபோக்ஸ்வாகன் குழும இசியுவில் (இன்ஜின் கம்ப்யூட்டரில்) எத்தனை முறை புரோகிராம் செய்யப்பட்டது என்ற எண்ணிக்கை பதிவாகும். டீலர் கம்ப்யூட்டரில் இணைத்து சாஃப்ட்வேர் பொருந்தவில்லை என்று ஒருமுறை தெரிந்தால் டிடி1 என்ற குறி அந்தக் காரின் பதிவில் விழும். பிறகு ஸ்டாக் மேப் போட்டாலும் அந்தக் குறி போகாது. டீலரிடம் சேசிஸ் நம்பர் கொடுத்துக் கேட்கலாம். ஆனால் குறி இல்லை என்பதாலேயே மேப் போடவில்லை என்று ஆகிவிடாது, டீலர் பக்கமே போகாத காராகவும் இருக்கலாம்.

கண்ணால் பார்க்க வேண்டியவை: இன்டர்கூலர் குழாய்களில் கம்பெனி கிளாம்புக்குப் பதில் திருகு வைத்த கிளாம்ப், மற்ற போல்ட்டெல்லாம் மங்கியிருக்கும்போது டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) போல்ட் மட்டும் பளபளப்பது, வேக்யூம் ஹோஸில் மூடி வைத்த டி-இணைப்பு, ஏ-பில்லரில் பூஸ்ட் மீட்டர் ஒட்டியிருந்த பசைத் தடம். கேடலிட்டிக் கன்வெர்ட்டர் உண்மையிலேயே இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றியதும் முதலில் பாருங்கள்.

ரீடரில் இன்னொன்று. பிழைக்குறி இல்லை என்று காட்டினால் அதோடு நிறுத்தாதீர்கள். ரெடினெஸ் மானிட்டர்கள் (காரின் சுயபரிசோதனைகள்) எல்லாம் முடிந்திருக்கின்றனவா, குறிகள் அழிக்கப்பட்ட பிறகு எத்தனை கி.மீ. ஓடியது என்ற அளவு என்ன என்று பாருங்கள். 15 கி.மீ. என்று வந்தால் நீங்கள் வருவதற்காகத் துடைத்து வைத்திருக்கிறார்கள். எதை மறைத்தார் என்று தெரியாத வரை பேரமே வேண்டாம்.

விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் (ஃபோக்ஸ்வாகன் கார்களுக்கான ஸ்கேன் கருவிகள்) கிடைத்தால் எல்லா கன்ட்ரோல் யூனிட்டையும் ஸ்கேன் பண்ணுங்கள். பழைய பிழைகளோடு அப்போதைய கி.மீ.யும் பதிவாகியிருக்கும். மீட்டர் 94,000 என்று காட்டும்போது ஏதோ ஒரு யூனிட்டில் 1,30,000இல் விழுந்த பிழை இருந்தால், மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

நாலுசக்கரம்:

ரீமேப் போட்டிருந்த காரையே தொடாதீர்கள் என்பேன். சந்தையில் கைபடாத ஜிடிஐ இல்லாமலா போயிற்று?

கிளட்ச்பேக்:

அது கொஞ்சம் கடுமை. ஆயில், பிளக், டிஎஸ்ஜி சர்வீஸ் நேரத்துக்குப் பார்த்த ஸ்டேஜ் 1 கார், ஒன்றுமே பார்க்காத ஸ்டாக் காரை விட மேல். இங்கே சிக்கல் 60,000க்குப் பிறகு பில்லே இல்லாததுதான். ஸ்டாக் டார்க் (முறுக்குவிசை) 350 நியூட்டன் மீட்டர், ஸ்டேஜ் 1இல் அது 400ஐத் தாண்டும். அந்தக் கூடுதல் பாரம் முழுக்க கிளட்ச் பேக்கிலும் (கிளட்ச் தட்டுகளின் அடுக்கு) டூயல் மாஸ் ஃப்ளைவீலிலும்தான் (அதிர்வை உறிஞ்சும் இரட்டைச் சக்கரம்) இறங்கும்.

இந்தக் காரில் உள்ளது டிக்யூ250 வகை டிஎஸ்ஜி, ஆயிலில் மூழ்கிய கிளட்ச். உலர் கிளட்ச் டிக்யூ200 பற்றி இணையத்தில் படித்ததை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், சுமார் 5 லிட்டர் பிடிக்கும். மட்டம் பார்ப்பது ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க. இதெல்லாம் இல்லாமல் சும்மா வடித்து ஊற்றியிருந்தால் மட்டம் தப்பாகவே இருக்கும். ஆகவே 60,000 பில்லில் டிஎஸ்ஜி ஆயிலோடு ஃபில்டரும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது:

குளிர்ந்த நிலையில் ஆர், டி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு நொடிக்குள், தட்டு இல்லாமல் பிடிக்க வேண்டும். பிரேக்கை விட்டதும் ஆக்சிலரேட்டர் தொடாமல் சீராக ஊர்ந்து போக வேண்டும். குதித்துப் போனாலோ நடுங்கினாலோ கிளட்ச் தேய்மானம் அல்லது மெகாட்ரானிக் (கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டு யூனிட்) கோளாறு.

நன்றாகச் சூடானதும், 20 நிமிடமாவது ஓட்டிய பிறகு, பிரேக் பிடித்து மெல்ல நிறுத்துங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் இறங்கும்போது முதுகில் தள்ளுகிறதா? லேசான தள்ளல் அடாப்டேஷன் (கிளட்ச் அமைப்பை ஸ்கேன் கருவியால் மறுபடி சரிசெய்வது) செய்தால் போகும். பலமான இடி போகாது.

மேனுவல் மோடில் நாலாம் கியர், 2,000 ஆர்பிஎம், கிக்டவுன் சுவிட்சை (பெடலின் அடியில் இருப்பது, மிதித்தால் கியர் தானே இறங்கும்) மிதிக்காமல் அதற்குச் சற்று முன்வரை ஆக்சிலரேட்டர். ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். ஆர்பிஎம் மட்டும் தாவினால் கிளட்ச் வழுக்குகிறது. கிளம்பிவிடுங்கள்.

இன்ஜினை நிறுத்தும்போது கியர்பாக்ஸ் பக்கம் கடகடவென்று உதறினால் ஃப்ளைவீல்.

பெர்ஃபார்மன்ஸ் பேக் என்ற பேச்சையும் சரிபாருங்கள். முன் டிஸ்க் 340 மி.மீ. இருக்க வேண்டும், சாதாரண ஜிடிஐக்கு 312. காலிப்பர் இரண்டிலுமே சிவப்புதான், ஆகவே நிறத்தை நம்ப வேண்டாம், அளவுநாடா வையுங்கள். பேக் உள்ள காரில் முன் டிஃபரென்ஷியலை ஒட்டி எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஒரு கிளட்ச் இருக்கும், விஏக்யூ என்பார்கள். அதற்குத் தனி ஆயில் உண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கிளட்ச் தூள் பம்பின் வலையை அடைத்து, பம்ப் திணறித் திணறி எரிந்துபோகும். பிழைக்குறி வரும் வரை ஓட்டுபவருக்கே தெரியாது. ஆளில்லாத, பாதுகாப்பான இடத்தில் இரண்டாம் கியரில் இறுக்கமான வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். மூக்கை உள்பக்கம் இழுத்தால் வேலை செய்கிறது. உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுற்றிக் கார் வெளியே நகர்ந்தால் செய்யவில்லை.

ஹேட்ச்பிரியன்:

எல்லோருக்கும் நன்றி. லிஃப்டில் ஏற்றும்போது இதைத் தவிர என்ன பார்க்க? கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தச் சோதனை) கேட்பது அதிகப்படியா?

நாலுசக்கரம்:

லிஃப்டில் முதல் வேலை, அடித்தட்டைக் கழற்றச் சொல்வது. அது இருக்கும் வரை எந்தக் கசிவும் தெரியாது. தட்டின் ஸ்க்ரூ பாதி இல்லை என்றால் கராஜ் எப்படிப்பட்டது என்று அதிலேயே தெரியும்.

டயர்: நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருப்பது நல்ல ஓனரின் அடையாளம். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் படியுங்கள், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். முன் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, அல்லது கார் தாழ்த்தப்பட்டு மறுபடி உயர்த்தப்பட்டிருக்கிறது. 40 புரொஃபைல் டயர் குழியைத் தாங்காது. வீலை வெறும் காற்றில் சுழற்றி, உள்பக்க விளிம்பு நெளிகிறதா என்று பாருங்கள். வெளிப்பக்கம் அழகாக பெயின்ட் அடித்திருப்பார்கள், உள்பக்கம் யாரும் அடிப்பதில்லை.

லோயர் ஆர்மின் பின் புஷ்ஷை இரும்புக் கம்பியால் நெம்பிப் பாருங்கள், ரப்பர் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது தட்டும். டேம்பரில் ஆயில் ஈரம், டிரைவ் ஷாஃப்ட் பூட்டில் கிழிசல், பேரிங் சத்தம், எல்லாம் வழக்கம்போல.

ரேஸ் டிராக்கில் ஓடிய கார் என்றால் அடையாளம் பிரேக்கில் இருக்கும்: டிஸ்க்கில் மயிரிழை விரிசல், நீலம் பாய்ந்த பரப்பு, பழுப்பாகிப் போன சிவப்பு காலிப்பர், கருகிய பிஸ்டன் டஸ்ட் பூட். முன் பம்பரில் இழுவைக் கொக்கி மாட்டும் மூடியைச் சுற்றிக் கீறல், வீல் ஆர்ச் உள்ளே ஒட்டிய ரப்பர் துணுக்கு. சீட் போல்ட்டில் ஸ்பேனர் தடம் இருந்தால் பக்கெட் சீட் இருந்து கழற்றப்பட்டிருக்கலாம்.

எண்ணெய்க்கை:

கம்ப்ரெஷன் கேட்பது அதிகப்படி இல்லை. பில் இல்லாத 34,000 கி.மீ.க்குப் பதிலாக அதையாவது காட்டட்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, எரிபொருளை நிறுத்தி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, சூடான இன்ஜினில் எடுக்க வேண்டும். எண்ணை விட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம், 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி.

கழற்றிய பிளக்கைத் தூக்கிப் போடாமல் பாருங்கள். ஒன்று மட்டும் ஆயில் பூசியிருந்தால் அந்த சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள். கம்பெனி பிளக்குக்குப் பதில் ஒரு படி குளிர் வகை பிளக் (வெப்பத்தை வேகமாகக் கடத்துவது, ரீமேப் காருக்குப் போடுவார்கள்), இடைவெளியும் குறைவு என்றால் மேப் எடுத்தவர் பிளக்கை மாற்ற மறந்திருக்கிறார், அல்லது மேப்பையே எடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றிய துளை வழியாக போர்ஸ்கோப் (சிறு கேமரா) விட முடிந்தால் சிலிண்டர் சுவரில் செங்குத்துக் கீறல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

ஏதாவது ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்தால் லீக்டவுன் டெஸ்ட் (காற்றுக் கசிவுச் சோதனை) கேளுங்கள். காற்று செலுத்தியதும் ஆயில் மூடியில் சீறினால் பிஸ்டன் ரிங், த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கூலன்ட் டேங்கில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இன்டேக் வால்வு என்றால் அது வெறும் கரியாகவும் இருக்கலாம். சில சந்தைகளில் இதே இன்ஜினுக்கு மேனிஃபோல்டிலும் இன்ஜெக்டர் உண்டு, வேறு சிலவற்றில் நேரடி இன்ஜெக்ஷன் மட்டும். இரண்டாம் வகையில் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவாது, கரி ஏறிக்கொண்டே போகும். மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் தூள் அடித்துச் சுத்தம் செய்தால் தீரும். மற்ற மூன்றில் எது வந்தாலும் காரை அங்கேயே விட்டுவிடுங்கள்.