ஒரே தீவில் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் மொட்டை: டொமினிக்கன் குடியரசில் செய்தது நம் மலைக்குச் சரிவருமா?

மஸ்கெலியா_வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். ஹெய்ட்டிக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் நடுவில் இருக்கும் எல்லையை வானத்திலிருந்து எடுத்த படம் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்று ஒரே தீவு. மேற்கே ஹெய்ட்டிப் பக்கம் மண் தெரிகிற மொட்டை மலை, கிழக்கே கரும்பச்சையாகக் காடு. உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் பாடத்தில் இதைக் காட்டினேன், "அந்தப் பக்கத்து ஆட்கள் மட்டும் எப்படிக் காப்பாற்றினார்கள் சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. சுருக்கமாக ஏதோ சொன்னேன், எனக்கே போதவில்லை.

இதைக் கேட்க வேறு காரணமும் இருக்கிறது. இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில், மேல் லயத்து வரிசை வீடுகளுக்கு ஊற்றுத் தண்ணீர் வருகிற பீலி மாசி, பங்குனியில் இப்போது நூலாகத்தான் ஒழுகுகிறது. குடத்தை வைத்துவிட்டுக் காம்பிராவுக்குப் போய் அடுப்பு மூட்டிவிட்டு வந்தாலும் கழுத்து வரைக்கும் ஏறியிருக்காது. பீலிக்கு மேலே இருந்த சோலை வருஷா வருஷம் கரைகிறது. விறகுக்கு, மரக்கறித் தோட்டத்துக்கு, அப்புறம் மானாப் புல்லில் வைத்த நெருப்பு மேலே ஏறுவது. ஆனால் பிடிபடுவது எப்போதும் தலையில் விறகுக் கட்டோடு இறங்கி வருகிற பெண்கள்தான். ராணுவத்தை நிறுத்தினால்தான் காடு தப்பும், டொமினிக்கனில் அப்படித்தான் செய்தார்கள் என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா? உண்மை என்றால் நமக்கு அது வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோலைக்காடு_பேராதனை:

சேர், ராணுவம் நின்றது உண்மைதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை, நமக்கு உதவுகிற பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

1930 முதல் 1961 வரை அந்த நாட்டை ட்ருஹீயோ என்ற சர்வாதிகாரி ஆண்டார். மலைப் பைன் மரத்தில் வந்த லாபத்தில் பெரும்பங்கு அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் போனது. முதல் தேசியப் பூங்காவும் அவர் காலத்தில்தான் வந்தது: 1956இல் அர்மாண்டோ பெர்முதெஸ் பூங்கா. கரீபியனிலேயே உயரமான பீகோ துவார்த்தே சிகரம், 3,000 மீட்டருக்கு மேல், அங்கேதான் இருக்கிறது. அந்த நாட்டின் மிக நீளமான ஆறான யாக்கே தெல் நோர்த்தே பிறப்பதும் அந்த மலைத்தொடரில். நமக்கு மகாவலி எப்படியோ அவர்களுக்கு அது.

1961இல் ட்ருஹீயோவைச் சுட்டுக் கொன்றதும் பிடி தளர்ந்துபோனது, மர ஆலைக்காரர்களும் நிலமில்லாத ஏழைகளும் மலைக்குள் புகுந்தார்கள். 1966இல் பலகேர் ஜனாதிபதியானார். மறுவருஷமே வியாபாரத்துக்கு மரம் வெட்டுவதைத் தடைசெய்து, ஆலைகளை மூடி, வனத்துறையை ராணுவத்தின் கீழ் கொண்டுவந்தார். மலையில் குடியேறியவர்களைப் பலவந்தமாக இறக்கினார்கள். வெட்டு குறைந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் தன் கையால் நட்ட மரத்தை வெட்டவும் விவசாயி அனுமதி கேட்க வேண்டியிருந்தது, அது லேசில் கிடைக்காது. அதனால் தோட்டத்தில் தானாக முளைத்த மரக்கன்றைக் கண்டால் பிடுங்கிப் போட ஆரம்பித்தார்கள். வளரவிட்டால் மரமும் நமக்கில்லை, நிலமும் நமக்கில்லாமல் போகலாம் என்ற பயம். காட்டைக் காக்கப் போட்ட சட்டமே கன்றைப் பிடுங்க வைத்தது.

நிலைமையை மாற்றியதில் பெரும்பங்கு சமையல் காஸுக்கு. அதுவரை நகரத்து வீடுகளிலும் கரிதான் எரிந்தது, கரி சுடுவதற்காக வறண்ட காடுகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1980களில் அரசாங்கம் காஸுக்கு மானியம் கொடுத்தது, சனம் காஸுக்கு மாறியது, கரிக்குக் கிராக்கி விழுந்தது. 2008இல் எல்லோருக்கும் பொதுவான மானியத்தை நிறுத்தி, ஏழைக் குடும்பங்களுக்கு அட்டை வழியாகக் கொடுக்கிற போனோகாஸ் என்ற திட்டமாக்கினார்கள்.

ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள் சேர். அந்தப் படத்தைக் காட்டி ஹெய்ட்டிக்காரர்களைக் குறை சொல்வது அநியாயம். மழை கொண்டுவரும் காற்று கிழக்கிலிருந்து வருவதால் மலைக்கு மறைவான மேற்குப் பக்கத்துக்கு மழையே குறைவு. போதாததற்கு, விடுதலையை அங்கீகரிக்க 1825இல் பிரான்ஸ் அவர்கள் தலையில் 150 மில்லியன் பிராங் கடனை ஏற்றியது, அடிமைகளாக இருந்தவர்கள் முன்னாள் எசமான்களுக்கு நஷ்டஈடு கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக அதைக் கட்டிய நாட்டில் காஸ் மானியத்துக்கு எங்கே போவது?

கந்தப்பளை_லீக்ஸ்:

தங்கச்சி எழுதியது நல்ல விளக்கம். ஆனால் வாயே நுவெவோவை விட்டுவிட்டீர்கள், என்னைப் போன்றவனுக்கு அதுதான் முக்கியம்.

கொன்ஸ்டன்சா என்று அங்கே ஒரு மலை நகரம், நம் நுவரெலியா மாதிரியே குளிர், இரவில் பனி உறைகிறது. உருளைக்கிழங்கு, உள்ளிப்பூண்டு, ஸ்ட்ரோபெரி எல்லாம் அங்கிருந்துதான் தலைநகரத்துக்கு இறங்குகிறது. அதற்கு மேலே 2,000 மீட்டருக்கும் உயரத்தில் வாயே நுவெவோ தேசியப் பூங்கா. பூங்கா எல்லைக்குள்ளேயே பல வருஷமாக மரக்கறி செய்துகொண்டிருந்தார்கள். 2016இல் சுற்றாடல் அமைச்சு போதும் வெளியேறு என்றது. பல ஆறுகள் தொடங்குகிற இடம், அங்கே மருந்தடித்துப் பசளை போட்டு மண்ணைக் கிளறினால் கீழே இருக்கிறவன் எதைக் குடிப்பான் என்ற கேள்வி நியாயம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. ஆள் வைத்து ஏக்கர் கணக்கில் செய்த முதலாளியும் இருந்தான், அவனிடம் நாட்கூலிக்குப் போனவனும் இருந்தான். வெளியேறு என்றதும் முதலாளி வேறு இடத்தில் காணி பார்ப்பான், கூலிக்காரன் எங்கே போவான்?

நம் கதையும் இதுதானே. இந்த மலையில் காட்டை வெட்டிக் கோப்பிக்கு இடம் பண்ணச் சொன்னது வெள்ளைக்காரன், வெட்டியது நம் பாட்டன் பூட்டன். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி செத்தது, அதே மலையில் தேயிலை வந்தது. இத்தனை தலைமுறை கழித்தும் காலடியில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. ஏழு பேர்ச்சஸ் காணிக்கே இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சொந்தக் காணி இல்லாதவன் ஓடைக்கரையில் நாலு பாத்தி கரட் போடுகிறான், அவனைக் காட்டை அழிக்கிறவன் என்று எழுதினால் எனக்கு வயிறு எரிகிறது. ராணுவத்தைக் கூப்பிடுகிறவர் முதலில் காணி உறுதிப்பத்திரத்தைக் கூப்பிடட்டும்.

பட்டிப்பொல_பாதை:

அண்ணே, உங்கள் கோபம் நியாயம், ஆனாலும் கொஞ்சம் மறுத்துச் சொல்கிறேன். ஹோர்டன் சமவெளியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிற வேலை எனக்கு, அதனால் சொல்கிறேன்: சில இடத்தில் கோடு போட்டால் போட்டதுதான், அதற்குள் யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

1873இலேயே ஹூக்கர் என்ற தாவரவியலாளர் ஐயாயிரம் அடிக்கு மேலே காட்டைத் தொடாதே என்று சொன்னார். அதைக் கேட்டதால்தான் மேலே இவ்வளவாவது மிஞ்சியது. ஹோர்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது, 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடரோடு சேர்த்து உலக மரபுரிமை ஆனது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஹோர்டன் சமவெளியில்தான் ஊற்று. அந்தக் குட்டை மரங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிளை முழுக்கப் பாசி, விரலால் அழுத்தினால் தண்ணீர் வடியும். மழையே பெய்யாத காலையிலும் முகில் அதில் மோதி நனைந்து சொட்டுச் சொட்டாக வேருக்கு இறங்குகிறது. வாத்தியார் சேர் சொன்ன பீலியும் இப்படித்தான் ஊறும். அந்த மரம் ஒன்று போனால் அந்த உயரத்தில் மறுபடி வளர ஒரு மனுசன் ஆயுள் பத்தாது.

பூங்கா என்று பலகை வைத்தால் மட்டும் காப்பாற்றியதாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் பையைத் திறந்து பார்த்து பொலித்தீனை எடுத்துவிடுகிறார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூடக் கிழித்துத்தான் விடுவார்கள், அது நல்ல வேலை. ஆனால் உள்ளே கீன மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போகின்றன. வெள்ளைக்காரன் கொண்டுவந்த மஞ்சள் பூ முட்செடி, உலெக்ஸ் என்கிறார்கள், புல்வெளியைப் பிடிக்கிறது. இதற்கெல்லாம் துப்பாக்கி உதவாது, வருஷா வருஷம் வேரோடு பிடுங்கக் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும், அந்த வேலையைப் பக்கத்துத் தோட்டத்துச் சனத்துக்குக் கொடுக்கலாமே.

அப்புறம் சுருக்குக் கம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை மரக்கறித் தோட்டத்துக் கம்பியில் மாட்டியது நினைவிருக்கும். உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனது. பன்றிக்குத்தான் கம்பி கட்டினேன் என்பார்கள், கம்பிக்குப் பன்றி எது புலி எது என்று தெரியாது. பன்றியால் வருகிற நட்டம் எனக்குத் தெரியும், வேலி போடக் காசு கேளுங்கள், நானும் உங்களோடு வந்து கேட்கிறேன். கம்பி மட்டும் வேண்டாம் அண்ணே.

ஊவா_செல்வி:

ஆம்பளைகள் எல்லோரும் நிலத்தைப் பேசுகிறீர்கள், பேராதனைத் தங்கச்சி ஒருத்திதான் அடுப்பைப் பேசியது.

2022இல் காஸ் இல்லாமல் போனபோது என்ன நடந்தது? டவுனில் இருக்கிறவர்களும் விறகு தேடினார்கள், தோட்டத்தில் மலையேறாத பெண்ணே இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற மலையில் கிடைக்கிற தேயிலைக் குச்சி இருக்கிறதே, அது நல்ல விறகு, நின்று எரியும், ஆனால் கவ்வாத்து ஒவ்வொரு மலைக்கும் சில வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதையும் எங்களுக்கு முன்னால் லொறியில் ஏற்றி விற்றுவிட்டால் நாங்கள் எதை எரிப்பது? காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடி, சாயந்தரம் கொழுந்து நிறுத்துவிட்டு, அதற்குப் பிறகு இருட்டுவதற்குள் சோலைக்குள் போய்க் காய்ந்ததைப் பொறுக்க வேண்டும். காய்ந்தது கிடைக்காவிட்டால் பச்சையை வெட்டி அடுப்புக்கு மேலே பரண் போட்டுக் காயவைப்போம். அந்தப் புகையில் இருமாத வீடு எங்கள் லயத்தில் இல்லை. காட்டை வெட்ட எங்களுக்கு ஆசை என்று நினைக்கிறீர்களா?

டொமினிக்கனில் காஸ் அட்டை கொடுத்தார்கள் என்று வாசித்ததும் மனது நிறைந்துபோனது. அதைத்தான் கேட்க வேண்டும். சிலிண்டர் விலை சம்பளத்தைத் தின்கிற வரைக்கும் என்ன பலகை வைத்தாலும் சோலை குறையத்தான் செய்யும்.

சோலைக்காடு_பேராதனை:

செல்வி அக்கா, உங்களுடையதை வாசித்த பிறகு முதலில் எழுதாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். ராணுவத் தடை வந்த பிறகு 1979இல் பிளான் சியெரா என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள், சான் ஹோசே தெ லாஸ் மத்தாஸ் என்ற மலையூர்ப் பக்கம். யாக்கே தெல் நோர்த்தே ஆற்றில் தவேரா என்ற அணை 1973இல்தான் கட்டி முடிந்திருந்தது, மேலே மொட்டையான சரிவிலிருந்து மண் இறங்கி அணையில் நிறைகிறது என்ற பயம். காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை அணைகள் மூன்றுக்கும் நமக்கு இருக்கிற அதே தலைவலி. அவர்கள் செய்தது, சரிவில் இருந்த குடும்பங்களை அங்கேயே வைத்து, நிழல் மரத்துக்குக் கீழே கோப்பி, செங்குத்தான இடத்தில் பைன், கூடவே பாதை, சுகாதாரம் என்று சேர்த்துக் கொடுத்தது. குறை இல்லாத திட்டம் என்று சொல்லமாட்டேன், ஒரே ஜாதிப் பைனை அதிகம் நட்டதை நான் ஏற்கவில்லை. ஆனால் நட்டவன் நாளைக்கு அந்த மரத்தை வெட்டி விற்கலாம் என்ற நம்பிக்கை வந்த இடங்களில் சனம் தானே கன்று கேட்டு வந்தது.

லீக்ஸ் அண்ணன் சொன்ன உறுதிப்பத்திரமும் அக்கா சொன்ன காஸும் இல்லாமல், பட்டிப்பொல அண்ணன் கேட்கிற கோடு நிற்காது. மூன்றும் ஒன்றாக வர வேண்டும் என்பதுதான் என் கருத்து.

மஸ்கெலியா_வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. பிள்ளைகளுக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டப்போகிறேன், ஹெய்ட்டியின் கடனையும் சேர்த்து.

எங்கள் பீலிக்கு மூன்று காரியம் தொடங்க யோசிக்கிறேன். கவ்வாத்து விறகை முதலில் லயத்துக்கு ஒதுக்கச் சொல்லித் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், ஊற்றுக்கு மேலே கொஞ்சம் இடத்தை ஊராகச் சேர்ந்து அடைத்துவிடுவது, அதில் கன்று நடுவது. கிரண்டிஸ் என்கிற யூக்கலிப்டஸ் கன்று இலவசமாகத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பட்டிப்பொல_பாதை:

வேண்டாம் சேர். கிரண்டிஸ், டர்பன்டைன் எதுவும் ஊற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம், வேகமாக வளர்கிற மரம் வேகமாகத் தண்ணீரும் குடிக்கும். அடைத்துவிட்டு ஒரு மழைக்காலம் சும்மா விட்டுப் பாருங்கள், பழைய சோலையின் விதை மண்ணில் கிடக்கும், பறவையும் கொண்டுவந்து போடும். வராத இடத்தில் மட்டும் நாட்டு மரம் நடலாம், பக்கத்துச் சோலை ஓரத்தில் முளைத்து நிற்கிற கன்று எது என்று பார்த்து அதே ஜாதியை நட்டால் பிழைக்கும். சோலைக்குள்ளிருந்து கன்று பிடுங்கக் கூடாது, அதற்கு அனுமதி வேண்டும். முன்னமே பேசிவிடுங்கள்.

ஊவா_செல்வி:

சேர், கடிதத்தில் பெண்களின் கையெழுத்தை முதலில் வாங்குங்கள், பீலிக்கும் விறகுக்கும் போகிறவர்கள் நாங்கள்தான். அடைக்கிற இடத்தைச் சுற்றி மானாப் புல்லைத் தை மாதத்துக்குள் அகலமாகச் செதுக்கிவிடுங்கள். மாசியில் காற்று திரும்பினால் கீழே வைத்த நெருப்பு மேலே வர ஒரு மணி நேரம் ஆகாது. எங்கள் பக்கம் செதுக்கின கோடு இருந்த இடத்தில் மட்டும்தான் போன தடவை நெருப்பு நின்றது.