புதுப்பிப்பு: அல்பிரசோலத்தைக் குறைப்பது இப்போது எங்கே நிற்கிறது

பதற்றத்துக்காகப் பல வருடம் அல்பிரசோலம் சாப்பிட்டுவிட்டேன், விட நினைத்தால் தூக்கம் போகிறது, கை நடுங்குகிறது, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம் என்று எழுதியவர்களுக்கு நன்றி. மனநல மருத்துவரும் அதையேதான் சொன்னார்.

அவர் என்னை அதே வகையைச் சேர்ந்த டயசெபாம் என்ற மருந்துக்கு மாற்றினார். இப்போது அதைத்தான் படிப்படியாகக் குறைக்கிறோம். அல்பிரசோலம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 11 மணி நேரம். டயசெபாமுக்கு ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். அதனால் அடுத்த வேளைக்குள் வந்துவிடும் அந்தத் தவிப்பு இல்லை. இங்கிலாந்தின் நியூகாசலில் இந்த வகை மாத்திரைகளை விடுவதற்கென்றே கிளினிக் நடத்திய மருத்துவர் ஹெதர் ஆஷ்டன் பரப்பிய வழி இது. 0.5 மி.கி. அல்பிரசோலத்துக்கு 10 மி.கி. டயசெபாம் என்பது அவர் கணக்கு. எல்லா மருத்துவரும் அதே கணக்கைப் போடுவதில்லை, ஆகவே யாரும் தாங்களாகவே மாற்றிக்கொள்ள வேண்டாம்.

சரி, எப்படி இருக்கிறேன்? காலை மோசம், மாலை பரவாயில்லை. மிக்ஸி சத்தம் இன்னும் தாங்க முடியவில்லை. காபியை விட்டதில் படபடப்பு குறைந்தது (நான் காபியை விட்டதை வீட்டில் யாரும் நம்பவில்லை). ஒரு குறைப்பை உடம்பு சமாளிக்காவிட்டால் அதே அளவில் கொஞ்ச காலம் நிற்கிறோம். அடுத்த குறைப்பு தீபாவளி வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகுதான்.